கண் மருத்துவர் எழுதிய இரு நாவல்கள்

ஒரு நாவலைப் படிக்கக் கூடாது என்று தடை விதித்த அரசுகள் உலகில் பல. படித்தே தீரவேண்டும் என்று சட்டம் இயற்றிய அரசு நாம் அறிந்தவரையில் ஒன்றுதான். 1956 ஆம் ஆண்டு ஜூன் 12 ஆம் நாள் பிலிப்பைன்ஸ் அதிபர் ரமோன் மக்ஸேஸே கையொப்பமிட்ட குடியரசுச் சட்டம் 1425, அந்நாட்டின் அரசுப் பள்ளி, தனியார் பள்ளி, கல்லூரி, பல்கலைக்கழகம் அனைத்திலும் ஹோஸே ரிஸாலின் வாழ்வையும் எழுத்துகளையும் பாடமாக வைக்க ஆணையிட்டது. அவருடைய ‘நோலி மே தாங்கெரே’, ‘எல் ஃபிலிபுஸ்தெரிஸ்மோ’ ஆகிய இரு நாவல்களையும் வெட்டுதல் இன்றி முழுமையாகப் பயில வேண்டும் என்பதே சட்டத்தின் உயிர்நாடி. செனட்டர் கிளாரோ ரெக்தோ இதற்காக வாதாடினார். கத்தோலிக்கத் திருச்சபையின் தலைவர்கள் கடுமையாக எதிர்த்தனர். இறுதியில் ஓர் இணக்கம் ஏற்பட்டது: சமயக் காரணத்தால் முழு நூலைப் படிக்க மனம் ஒப்பாத மாணவர் உறுதிமொழி எழுதிக் கொடுத்து விலக்குப் பெறலாம்.

முதல் நாவல் 1887-ல் மணிலாவை அடைந்தபோது, சாந்தோ தொமாஸ் பல்கலைக்கழகத்தார் அமைத்த குழு அதனைச் சமயத்துக்கும் அரசுக்கும் கேடானது என்று தீர்ப்பளித்தது. தணிக்கைக் குழுவும் தடை செய்யப் பரிந்துரைத்தது. மறைவிடத்தில் வைத்துப் படித்தவர்களின் பேரப்பிள்ளைகள், மதிப்பெண்ணுக்காக அதே நூலைப் படிக்கலாயினர். இரண்டில் எந்த நிலை ஒரு நூலுக்கு அதிகத் தீங்கு செய்யும் என்பது ஆசிரியத் தொழிலில் இருக்கிற நம் போன்றோரை நெடுநேரம் சிந்திக்க வைக்கும் வினா. பாடமாக்கப்பட்ட நூல் பெரும்பாலும் வினா-விடைக் குறிப்பாகச் சுருங்கிவிடுகிறது. ரிஸாலுக்கும் அது நேர்ந்திருக்கிறது என்பதே நம் எண்ணம். ஆகவே வீரரின் சிலையைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, அவர் எழுதியவற்றைப் புரட்டிப் பார்ப்போம்.

நமக்கு ஸ்பானிய மொழி தெரியாது. ஆங்கில மொழிபெயர்ப்புகளின் வழியாகவே இந்நாவல்களை அறிந்தோம். 1912-ல் சார்லஸ் டெர்பிஷைர் செய்த மொழிபெயர்ப்பு பழைய நடையாயினும் மூலத்தோடு ஒட்டி நிற்பது. 1961-ல் லியோன் மரியா கெர்ரேரோ வெளியிட்ட ‘நோலி’ மிக இனிமையாக ஓடுகிறது. ஆனால் மூலத்தில் ரிஸால் ஆங்காங்கே தூவிய தகாலோக் சொற்களையும் ஊர்வாசனையையும் கெர்ரேரோ மழித்துவிட்டார் என்ற குற்றச்சாட்டு உண்டு. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்த அளவில் அக்குற்றச்சாட்டில் நியாயம் இருப்பதாகவே தோன்றுகிறது. 1996-ல் ஸொலேதாத் லாக்ஸன்-லொக்ஸின் அம்மையார் செய்த மொழிபெயர்ப்பு இவ்வகையில் மேலானது.

ரிஸாலின் வாழ்க்கையை விரிவாகச் சொல்ல இங்கு இடமில்லை. 1861 ஜூன் 19-ல் லகூனா மாநிலத்துக் கலம்பாவில் பிறந்தார். பதினோரு பிள்ளைகளில் ஏழாமவர். குடும்பம் தோமினிக்கத் துறவியரின் பெரும் பண்ணையில் நிலம் குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்தது. தாயார் தெயொதோரா அலோன்ஸோ கற்றவர், மகனுக்கு எழுத்தறிவித்தவர். ரிஸால் சிறுவராக இருக்கும்போதே அத்தாயார் பொய்க் குற்றச்சாட்டில் கைதாகி, சாந்த க்ரூஸ் சிறைவரை கால்நடையாகவே நடத்திச் செல்லப்பட்டு, இரண்டரை ஆண்டுகள் அடைபட்டுக் கிடந்தார். 1872 பிப்ரவரி 17-ல் கோமெஸ், புர்கோஸ், ஸமோரா என்னும் மூன்று உள்நாட்டுக் குருமார்கள் கலகம் தூண்டியதாகக் கூறிக் கழுத்து நெரித்துக் கொல்லப்பட்டனர். இரண்டாம் நாவலை ரிஸால் அம்மூவருக்கே உரித்தாக்கினார்.

1882 மே மாதம் கப்பலேறி ஐரோப்பா புறப்பட்டார். வழியில் இலங்கையின் காலித் துறையையும் கொழும்பையும் கண்டு நாட்குறிப்பில் எழுதினார். மத்ரித்தில் மருத்துவம், பாரிஸிலும் ஹைடல்பெர்க்கிலும் கண் மருத்துவத்தில் பயிற்சி. தாயாரின் கண்நோய்க்கும் பின்னாளில் அவரே சிகிச்சை செய்தார்.

1887 மார்ச்சில் பெர்லினில் ‘நோலி’ அச்சாகியது. இரண்டாயிரம் படிகள். அச்சுக்கூலிக்குப் பணமில்லாமல் கையெழுத்துப் படியைத் தீயிலிடவும் எண்ணியிருந்த வேளையில், மாக்ஸிமோ வியோலா என்னும் நண்பர் கடன் கொடுத்து உதவினார். தலைப்பு இலத்தீன், ‘என்னைத் தொடாதே’ என்பது பொருள். லூக்கா எழுதிய இன்ஜீலிலிருந்து இதனை எடுத்ததாக ரிஸால் நண்பருக்கு எழுதிய கடிதத்தில் குறித்திருக்கிறார். உண்மையில் அது யோவானில் உள்ளது. இத்தனை கற்றவருக்கும் நினைவு சறுக்குகிறது. மேற்கோளை மூலத்தோடு ஒத்துப் பாராமல் எழுதும் பழக்கம் நம்மவருள் பலருக்கு உண்டாதலால், இதைச் சொல்லிக் கொஞ்சம் ஆறுதல் அடைகிறோம்.

நூலின் முகப்பில் தாய்நாட்டை விளித்து அவர் எழுதிய உரிமையுரை ஒரு மருத்துவரின் குரல். முற்காலத்தில் நோயாளியைக் கோயிற்படிகளில் கிடத்தி, வருவோர் போவோர் எல்லாரும் பார்த்து மருந்து சொல்லும்படி செய்தார்களாம். அவ்வாறே தம் நாட்டின் நோயை மறைக்காமல் திறந்து காட்டுவதாகச் சொல்கிறார்.

கதை பலரும் அறிந்ததே. ஏழாண்டு ஐரோப்பாவில் பயின்று திரும்பும் கிரிஸோஸ்தொமோ இபர்ரா, தன் தந்தை சிறையில் இறந்ததையும், பங்குக் குருவின் ஆணையால் புதைகுழியிலிருந்து சடலம் தோண்டி எடுக்கப்பட்டதையும், சீனர் இடுகாட்டுக்குச் சுமந்து செல்லக் கூலிக்கு வந்தவர்கள் மழையில் பாரம் தாளாமல் அதனை ஏரியில் எறிந்ததையும் அறிகிறான். பழிவாங்க அவன் விரும்பவில்லை. ஊருக்கு ஒரு பள்ளிக்கூடம் கட்ட விரும்புகிறான். அடிக்கல் நாட்டும் விழாவிலேயே அவனைக் கொல்லச் சூழ்ச்சி நடக்கிறது. எலியாஸ் என்னும் படகோட்டி காப்பாற்றுகிறான். பிறகு பொய்யாகக் கலகப் பழி சுமத்தப்பட்டு இபர்ரா நாடோடியாகிறான்.

மத்ரஸாவில் அரபி படித்தவர் இந்நூலைப் படிக்கும்போது ஒரு வேடிக்கையைக் காண்பார். ஊரில் காவற்படைக்குத் தலைவனாய்த் திரியும் முரடனுக்கு ‘அல்ஃபேரெஸ்’ என்று பதவிப் பெயர். அது நம் ‘அல்-ஃபாரிஸ்’, குதிரை வீரன். மாவட்ட அதிகாரி ‘அல்கால்தே’, அது ‘அல்-காழீ’. காதலர் இருவர் பேசிக்கொள்ளும் மொட்டைமாடி ‘அஸொதேயா’. அதுவும் ‘ஸுதைஹா’ என்ற அரபிச் சொல்லின் வழிவந்ததே. அந்தலுஸில் எண்ணூறு ஆண்டுகள் பழகிய மொழியைத் தன் நாவில் வைத்துக்கொண்டே, ஸ்பானியர் மணிலாவில் வந்திறங்கி அங்கிருந்த முஸ்லிம்களுக்கு ‘மோரோ’ என்று பெயரிட்டனர். இதற்குப் பின்னர் வருவோம்.

‘நோலி’யில் நம்மை அதிகம் தடுத்து நிறுத்திய அத்தியாயம் காதலும் அன்று, சதியும் அன்று. ஊர்ப் பள்ளி ஆசிரியர் தம் அனுபவத்தைச் சொல்லும் பத்தொன்பதாம் அத்தியாயம். தந்தையின் சடலம் எறியப்பட்ட ஏரிக்கரையில் நின்றுகொண்டு இபர்ராவிடம் அவர் பேசுகிறார். பள்ளிக்குக் கட்டடம் இல்லை. பங்குக் குருவின் இல்லத்துக் கீழ்த்தளத்தில், அவருடைய வண்டி நிற்கும் இடத்தருகே வகுப்பு. பிள்ளைகள் உரக்கப் படித்தால் மேலே உறக்கம் கெடுகிறதென்று வசை. ஸ்பானியத்தில் வணக்கம் சொன்ன ஆசிரியரை, இரவல் உடையை உடுத்திக்கொண்டு வராதே, உன் பாஷையே உனக்குப் போதும் என்ற கருத்துப்படக் குரு தாமாஸோ ஏளனம் செய்கிறார். அரசோ ஸ்பானியம் கற்பிக்கச் சொல்கிறது. இடையில் அகப்பட்ட ஆசிரியர், பிரம்பைக் கைவிட்டு அன்பால் கற்பிக்க முயல்கிறார். பிள்ளைகள் மெல்ல மெல்லத் தெளிவு பெறுகிறார்கள். உடனே எதிர்ப்பு வருகிறது. குரு எதிர்ப்பது எதிர்பார்க்கத் தக்கதே. பெற்றோரும் எதிர்க்கிறார்கள் என்பதில்தான் ரிஸாலின் கூர்மை விளங்குகிறது. அடி வாங்கி வளர்ந்த நாங்கள் கெட்டா போனோம் என்று கேட்கிறார்கள். ஆசிரியர் மறுபடியும் பிரம்பை எடுக்கிறார். பிள்ளைகளைக் காட்டிலும் அவருக்கே அது அதிகம் வலிக்கிறது.

முப்பது ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுத்தும் தமிழ் கற்பித்தும் வருகிற நமக்கு இப்பக்கங்களைக் கதையென்று கடந்துபோக முடியவில்லை. நம் இளமையில் ஒரு தகப்பனார் மகனைக் கையில் பிடித்து வந்து, ‘உஸ்தாது, கண் இரண்டையும் விட்டுவிட்டு மற்றதை உரித்துவிடுங்கள்’ என்று ஒப்படைத்தார். நாமும் அச்சொல்லை நம்பிக்கையின் அடையாளமாகக் கொண்டு பெருமைப்பட்டோம். அந்தப் பையன் இரண்டு ஜுஸ்வுக்கு மேல் ஓதாமல் நின்றுவிட்டான். எங்கே போனான், என்ன ஆனான் என்று நாம் தேடவும் இல்லை. பிலிப்பைன்ஸ் நாட்டார் ஒருவர் எழுதிய நாவலில் அந்த ஆசிரியரைச் சந்தித்தபோதுதான் அவன் முகம் நினைவுக்கு வந்தது.

நாவலில் ஸிஸா என்னும் ஏழைத் தாய் வருகிறாள். அவளுடைய இளைய மகன் கிறிஸ்பின், கோயிலில் மணியடிக்கும் சிறுவன். பொன் நாணயம் திருடியதாகப் பழி சுமத்தப்பட்டு அடிபட்டு மறைகிறான். அவளுக்குச் சித்தம் கலங்குகிறது. ஆசிரியரின் அத்தியாயத்தையும் இதனையும் அடுத்தடுத்துப் படிப்போர், ரிஸால் ஒரு சமுதாயத்தின் கொடுமையை அதன் சிறுபிள்ளைகளின் முதுகில் வைத்து அளந்தார் என்பதைக் காண்பர்.

குறைகளும் உள. கதாநாயகி மரியா கிளாரா கண்ணீரும் மயக்கமுமாகவே காலம் கழிக்கிறாள். பிற்காலத்தில் அந்நாட்டுப் பெண்களுக்கு அவளையே இலட்சியமாகக் காட்டினார்களாம். ரிஸால் அவ்வாறு எண்ணியிருக்க முடியாது என்பதற்கு அவருடைய வேறோர் எழுத்தே சான்று. 1888 டிசம்பரில் மலோலோஸ் என்னும் ஊரைச் சேர்ந்த இருபது இளம் பெண்கள், தாங்கள் ஸ்பானியம் கற்க இரவுப் பள்ளி வேண்டும் என்று தலைமை ஆளுநரிடம் நேரில் மனுக் கொடுத்தனர். ஊர்ப் பங்குக் குரு எதிர்த்தும் அவர்கள் பின்வாங்கவில்லை. இலண்டனிலிருந்த ரிஸால் 1889 பிப்ரவரியில் அவர்களுக்கு ஒரு நெடுங்கடிதம் எழுதினார், தகாலோக் மொழியில். கையை முத்தமிடுவதும் மணிகளை உருட்டுவதும் மட்டும் பக்தியாகா என்கிறார். தாய் அறியாமையில் இருந்தால் பிள்ளை அடிமையாகத்தான் வளரும் என்கிறார். சிறை மீண்டு வந்த தாயின் மகன் எழுதிய கடிதம் அது. அப்பெண்களில் ஒருத்தியை நாவலின் கதாநாயகி ஆக்கியிருந்தால் ‘நோலி’யின் பெருமை இரட்டித்திருக்கும்.

மொழியைப் பற்றிய வினா ரிஸாலை விடாமல் தொடர்ந்தது. தம் மக்களுள் மிகச் சிலரே படிக்கக்கூடிய ஸ்பானியத்தில் அவர் எழுதினார். ஆண்டவனிடமும் ஆள்பவனிடமும் ஒரே நேரத்தில் முறையிடுகிறவன் ஆள்பவனின் மொழியை நாடுவது இயல்பே. ஆயினும் உறுத்தல் இருந்தது. நாவலில் தாஸியோ என்னும் முதியவர் வருகிறார். ஊரார் அவரைப் பைத்தியம் என்பர், கற்றோர் அறிஞர் என்பர். அவர் தம் தாய்மொழியில், தாமே ஏற்படுத்திக்கொண்ட சித்திர எழுத்தில், இக்காலத்தார் எவரும் படிக்க முடியாதவாறு ஒரு நூல் எழுதி வருகிறார். இன்றுள்ளோர் அதை எரித்துவிடுவர். நாளை வருவோர் விளங்கிக்கொண்டு, முன்னோர் காலத்து இருளிலும் விழித்திருந்தவர் உண்டென்று அறிவர் என்பது அவர் நம்பிக்கை. நம் பாட்டன்மார் தமிழை அரபி எழுத்தில் எழுதி வைத்த ஏடுகளைப் படிக்கத் தெரிந்தவர் அருகிவரும் இந்நாளில், தாஸியோவின் நம்பிக்கை நமக்குச் சற்று மிகையாகவே படுகிறது. எழுத்து மறந்தால் நூலும் மறைகிறது.

மூன்றாவதாக ஒரு நாவலை ரிஸால் தகாலோக் மொழியிலேயே தொடங்கினார். ‘மகாமிஸா’ என்று வழங்கும் அது சில பக்கங்களோடு நின்றது. பிறகு ஸ்பானியத்துக்கு மாறி, அதுவும் முற்றுப்பெறவில்லை. தாய்மொழியில் பேசுவது எளிது, நாவல் எழுதுவது அரிது என்பதை ஏழு கடல் தாண்டிய அந்த அறிஞர் உணர்ந்திருக்க வேண்டும்.

இவ்விடத்தில் ஒரு செய்தியைச் சொல்லாமல் விடுவது முறையன்று. தாய்மொழியை நேசிக்காதவனை நாறும் மீனுக்கு ஒப்பிட்டு ரிஸால் எட்டு வயதில் தகாலோக் மொழியில் கவிதை பாடினார் என்று அந்நாட்டுப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகப் படித்துவருகிறார்கள். ஹதீஸ் கலை பயின்றவருக்கு முதலில் எழும் கேள்வி, இதன் ஸனது எங்கே என்பதே. கையெழுத்துப் படி இல்லை. அச்சில் முதன்முதல் வந்தது 1906-ல், அவர் மறைந்து பத்தாண்டுகளுக்குப் பின்னர், வேறொருவர் நூலில். கவிதையில் விடுதலையைக் குறிக்கும் ‘கலாயாஆன்’ என்ற சொல் வருகிறது. ஷில்லரின் ‘வில்லியம் டெல்’ நாடகத்தை 1886-ல் தகாலோக்கில் பெயர்த்தபோது அக்கருத்துக்குச் சொல் கிட்டாமல் தாம் இடர்ப்பட்டதைத் தமையனாருக்கு எழுதியவர் ரிஸால். இருபத்தைந்து வயதில் தெரியாத சொல் எட்டு வயதில் எப்படித் தெரிந்தது? அறிவிப்பாளர் தொடரும் அறுந்திருக்கிறது, உரையும் ஐயத்துக்கு இடமாகிறது. அந்நாட்டு ஆய்வாளர் ஆம்பெத் ஒகாம்போ போன்றோர் இதை எடுத்துக்காட்டியும், மொழி விழாக்களில் அவ்வரிகள் தொடர்ந்து முழங்கி வந்திருக்கின்றன. பெரியோர் பெயரில் நல்ல கருத்தை இட்டுக்கட்டினாலும் இட்டுக்கட்டியது இட்டுக்கட்டியதே.

1891-ல் கெந்த் நகரில் அச்சான ‘எல் ஃபிலிபுஸ்தெரிஸ்மோ’ கதையாக நோக்கினால் முதலதற்குத் தாழ்ந்தது. பணமுடையால் ரிஸாலே பல பக்கங்களை நீக்கினார். வலென்தின் வெந்தூரா என்பவர் உதவியபின்னரே அச்சு முடிந்தது. இபர்ரா இப்போது ஸீமோன் என்ற நகை வணிகனாய் நீலக் கண்ணாடியோடு திரும்புகிறான். ஆட்சியை மேலும் மேலும் ஊழலில் ஆழ்த்தி, மக்களைத் தாங்கொணாத் துன்பத்துக்கு உள்ளாக்கி, அதனால் புரட்சியை விளைவிப்பது அவன் திட்டம். திருமண வீட்டில் வெடிமருந்து நிறைத்த விளக்கை வைக்கிறான். உள்ளே தன் பழைய காதலி இருப்பதை எண்ணி இஸகானி என்னும் இளைஞன் அதைத் தூக்கி ஆற்றில் எறிகிறான். ஸீமோன் நஞ்சருந்தி, ஃப்ளோரென்தீனோ என்னும் முதிய உள்நாட்டுக் குருவின் முன் தன் கதையைச் சொல்லிச் சாகிறான். குரு அவன் செல்வப்பேழையைக் கடலில் வீசுகிறார். அன்றைய அடிமை நாளைய கொடுங்கோலனாகப் போகிறான் என்றால் விடுதலையால் என்ன பயன் என்ற கருத்தை அம்முதியவர் வாயிலாக ரிஸால் வைக்கிறார். விடுதலை பெற்ற ஆசிய நாடுகளின் பிற்கால வரலாற்றைப் பார்த்தவருக்கு இவ்வரிகள் இலேசாகத் தோன்றா.

அந்நாவலிலும் நம்மைக் கவர்ந்தது வகுப்பறையே. இயற்பியல் வகுப்பு நடக்கிறது. கருவிகள் கண்ணாடிப் பேழைக்குள் பூட்டிக் கிடக்கின்றன. விருந்தினர் வரும்போது காட்டுவதற்கு மட்டும். மாணவர் கருவியைத் தொடாமலே கண்ணாடிகளின் இலக்கணத்தை மனப்பாடமாக ஒப்பிக்க வேண்டும். ஒப்பித்தவன் பொருள் அறியான். பொருள் கேட்டவன் கேலிக்கு ஆளாகிறான். பிளாஸிதோ என்னும் மாணவன் அவமானம் பொறுக்காமல் வகுப்பைவிட்டு வெளியேறுகிறான்.

இனி நம் முக்கிய ஆட்சேபத்துக்கு வருவோம். மூன்று நூற்றாண்டு ஸ்பானியரை எதிர்த்து நின்ற மக்கள் தென்தீவுகளின் முஸ்லிம்கள். 1571-ல் லெகாஸ்பி மணிலாவைக் கைப்பற்றியபோது அங்கும் ஸுலைமான் என்னும் பெயருடைய அரசர் இருந்தார். இவ்வரலாற்றைச் சேஸர் மஜூல் 1973-ல் வெளியிட்ட ‘பிலிப்பைன்ஸில் முஸ்லிம்கள்’ என்ற நூலில் விரிவாகக் காணலாம். ஆனால் தேசம் என்னும் எண்ணத்துக்கே உருக்கொடுத்தவை என்று போற்றப்படும் இரு நாவல்களிலும் ஒரு முஸ்லிம் பாத்திரமும் முதன்மை பெறவில்லை. கிறிஸ்தவ மன்னன் மோரோக்களை வெல்வதாக ஊர்த்திருவிழாக்களில் ஆடப்பட்ட கூத்தின் பார்வையைத் தாண்டி அம்மக்கள் யார் என்று ரிஸாலின் கதையுலகம் கேட்கவில்லை.

இதை மட்டும் சொல்லி நிறுத்தினால் நாம் நீதி செய்தவராகோம். பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தோனியோ தே மோர்கா என்னும் ஸ்பானிய அதிகாரி எழுதிய பிலிப்பைன்ஸ் வரலாற்றை, இலண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் அமர்ந்து கையாலேயே முழுவதும் படியெடுத்து, விரிவான குறிப்புகளோடு 1890-ல் பாரிஸில் வெளியிட்டார் ரிஸால். உள்நாட்டார் அழுகத் தொடங்கிய மீனைத் தின்பர் என்று மோர்கா எழுதிய இடத்தில், அது அழுகியது அன்று, உப்பிட்டுப் பதப்படுத்திய ‘பாகோஓங்’ என்றும், தமக்குப் பழக்கமில்லாத உணவைக் கண்டு முகம் சுளிப்பது ஸ்பானியரின் இயல்பென்றும் சூடாகக் குறிப்பெழுதினார். தென்னவர் கப்பல் கொள்ளையிட்ட முதல் நிகழ்ச்சி என்று வரலாறு குறிக்கும் இடத்திலும் அவர் பேனா நிற்கிறது. தென்னவர் செய்ததில் இது முதலாவது. ஆனால் இத்தீவுகளில் கொள்ளையைத் தொடங்கியவர் மகெல்லன் கூட்டத்தாரே, நட்பான தீவுகளின் படகுகளையும் பிடித்து மீட்புப்பணம் கேட்டவர் அவர்களே என்ற கருத்தை அங்கே வைக்கிறார். இந்த ஒரு குறிப்பைத் துருவி வளர்த்திருந்தால் மோரோக்களைப் பற்றிய அவருடைய சித்திரம் வேறாக அமைந்திருக்கும். வளர்க்கவில்லை. அந்நூலுக்கு முன்னுரை எழுதிய நண்பர் ஃபெர்தினாந்த் புளூமெந்திரிட், கடந்த காலத்தை இன்றைய அளவுகோலால் அளக்கிறீர் என்று நயமாகக் கண்டித்தார். நண்பரின் நூலுக்கு முன்னுரை எழுதும்போதே குறையைச் சொல்லும் அந்தத் துணிவு நம் முன்னுரையாளர்களுக்கு வாய்க்கவேண்டும்.

இஸ்லாமிய உலகின் அறிஞர் ரிஸாலைப் புறக்கணிக்கவில்லை. பிலிப்பைன்ஸ் மக்களின் சோம்பல் பற்றி 1890-ல் ‘லா ஸொலிதாரிதாத்’ ஏட்டில் அவர் எழுதிய நெடுங்கட்டுரையை, மலாய் அறிஞர் ஸையித் ஹுஸைன் அல்-அத்தாஸ் 1977-ல் வெளியான தம் ‘சோம்பேறிப் பூர்வகுடி என்ற கட்டுக்கதை’ என்னும் ஆங்கில நூலில் ஆழ்ந்து ஆராய்ந்தார். கட்டாய உழைப்பும் வணிகத் தடையும் இழிந்த கல்வியும் ஒரு மக்களை எவ்வாறு மந்தமாக்கின என்று ரிஸால் காரணம் தேடிய முறை அவரைக் கவர்ந்தது. இந்தோனேசியப் பத்திரிகையாளர் ரோஸிஹான் அன்வர் 1944-ல் ரிஸாலின் கடைசிக் கவிதையைத் தம் மொழியில் பெயர்த்தார்.

அந்தக் கடைசி இரவைப் பற்றியும் ஒரு சொல். 1896 ஆகஸ்டில் கத்திபூனான் இயக்கம் கிளர்ந்தெழுந்தது. அதை நிறுவிய ஆந்த்ரேஸ் போனிஃபாஸியோ ரிஸாலின் பெயரையே மந்திரமாகக் கொண்டவர். ரிஸாலோ, காலம் கனியவில்லை என்று அதை ஏற்கவில்லை. டிசம்பரில் சிறையிலிருந்து அக்கிளர்ச்சியைக் கண்டித்து அறிக்கையும் எழுதினார். ஆயினும் டிசம்பர் 30 காலையில் பாகும்பாயான் திடலில் சுட்டுக் கொன்றனர். முன்னாள் இரவில் தம் எழுத்துகளைத் தவறெனக் கூறி அவர் மீண்டும் திருச்சபையில் சேர்ந்ததாக ஏசு சபையார் அறிவித்தனர். அவ்வாவணத்தின் மூலத்தைக் குடும்பத்தார் காணவில்லை. 1935-ல்தான் பேராயரின் ஆவணக் காப்பகத்தில் அது கிடைத்ததாகச் சொல்லப்பட்டது. முன்பு வெளியான படிகளுக்கும் இதற்கும் சொற்களில் வேறுபாடு உண்டு. முதன்மை அறிவிப்பாளரான பலாகெர் என்னும் பாதிரியாரின் பெயர், அன்று சிறையைக் கண்காணித்த காவலரின் பதிவொன்றில் வேறு பாதிரிமார் பெயர்களோடு காணப்படவில்லை. ஆனால் அதே பதிவு அவர் ஏதோ ஒன்றில் கையொப்பமிட்டதாகவும் கூறுகிறது. ஆகவே ஒரு ராவி பலவீனமானவர் என்பதால் செய்தியே பொய் என்று தள்ளவும் நமக்கு வழியில்லை. ஐயத்துக்குரியது என்று வகைப்படுத்தி நிறுத்துவதே நம் கலை கற்பித்த முறை. இரு நாவல்களும் அந்த இரவுக்கு முன்பே அச்சாகி ஊரெங்கும் போய்விட்டன.

அவரைத் தேசிய வீரராக அமெரிக்க ஆட்சியே உயர்த்தியது. ஆயுதம் ஏந்தாதவர் என்பதால் அவர் அவ்வாட்சிக்கு வசதியாக இருந்தார் என்று ரெனாத்தோ கொன்ஸ்தந்தீனோ 1969-ல் வாதித்தார். ஓரளவு உண்மையே. ஆனால் அமெரிக்கர் வந்து வேரூன்றுமுன் 1898 டிசம்பரிலேயே அகினால்தோவின் அரசு டிசம்பர் 30-ஐத் துக்க நாளாக அறிவித்துவிட்டது என்பதையும் கணக்கில் கொள்ளவேண்டும்.

நாம் ரிஸாலைப் பற்றி எண்ணும்போது திடலைவிடத் தபித்தான் என்ற ஊரே கண்முன் நிற்கிறது. 1892 முதல் 1896 வரை மின்தனாவோ தீவின் வடகரையில் உள்ள அவ்வூருக்கு அவர் நாடு கடத்தப்பட்டிருந்தார். லாட்டரிச் சீட்டில் விழுந்த பரிசில் தமக்குரிய பங்கைக்கொண்டு நிலம் வாங்கினார். ஏழைகளுக்கு இலவசமாகக் கண் பார்த்தார். ஊருக்குக் குடிநீர் வசதி அமைத்தார். ஊர்ச் சிறுவர் சிலரைச் சேர்த்துப் பள்ளி நடத்தினார். கட்டணம் இல்லை; அதற்கு ஈடாகத் தோட்டத்தில் வேலை. ‘நோலி’யின் ஆசிரியருக்கு வாய்க்காத பள்ளி அதை எழுதியவருக்குச் சிறைவாசத்தில் வாய்த்தது. அவரும் அவருடைய பழைய ஆசிரியரான பாதிரியார் ஸான்செஸும் சேர்ந்து, ஊர்க் கோயிலுக்கு எதிரே தரையில் மண்ணும் கல்லும் புல்லும் கொண்டு மின்தனாவோவின் பெரிய வரைபடம் ஒன்றை மேடுபள்ளங்களோடு அமைத்தனர். அது இன்றும் உள்ளது. முஸ்லிம்கள் வாழும் லனாவோ ஏரிக்கரையும் கொத்தபாத்தோ சமவெளியும் அதில் அடங்கும்.